நிறைகோலும் எடைக்கற்களும்

வல்லரசுகள் இரண்டு கைகோத்துக்கொண்டன என்னும் செய்தி வந்தவுடன் மகிழ்வோர் உளர், அஞ்சுவோரும் உளர். அக் கைகள் எதன்மேல் ஊன்றி நிற்கின்றன என்று குனிந்து பார்ப்போர்தாம் அரியர். பார்த்தால், அங்கே நசுங்கிக் கிடப்பது பெரும்பாலும் நாடற்ற ஓர் இனமாகவோ, நாடிருந்தும் வலுவற்ற மக்களாகவோ இருக்கும்.

2022ஆம் ஆண்டு பிப்பிரவரி 4ஆம் நாள், குளிர்கால ஒலிம்பிக்கு விளையாட்டுகளின் தொடக்க விழாவையொட்டிப் பெய்சிங்கு நகரில் உருசியத் தலைவர் பூட்டினும் சீனத் தலைவர் சி சின்பிங்கும் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டனர். இருநாட்டு நட்புக்கும் எல்லையே இல்லை என்று அவ்வறிக்கை முழங்கிற்று. இருபது நாள் கழிந்தது. அம் மாதம் 24ஆம் நாள் உருசியப் படைகள் உக்கிரேனுக்குள் புகுந்தன. மேலைநாடுகள் உருசியாவின்மீது பொருளியல் தடைகளை அடுக்கின. உருசியாவின் கல்நெய்யும் எரிவளியும் கிழக்கு நோக்கித் திரும்பின. 2023இல் உருசிய-சீன வணிகம் ஏறத்தாழ 24,000 கோடி தாலரை எட்டியது. இவ்வகை உறவுக்கு ‘உத்திசார் கூட்டாண்மை’ என்று அரசியலார் பெயர் சூட்டியுள்ளனர்.

உலகின் நிறைகோல் சாய்கிறது, அமெரிக்கா ஒன்றே தாழ்த்தி வைத்திருந்த தட்டு மேலெழுகிறது, ஒருமுனை உலகம் போய்ப் பன்முனை உலகம் பிறக்கிறது என்கின்றனர். அது மெய்யாகவே இருக்கலாம். ஆனால், நிறைகோல் சாய்வதனாலேயே ஒடுக்கப்பட்ட இனங்களுக்கு விடிவு வந்துவிடும் என்று எண்ணுவோர் உளரே, தமிழருள்ளும் அத்தகையோர் உளரே, அவர்தம் நம்பிக்கையை உரைகல்லில் உரசிப் பார்த்தாக வேண்டும்.

எல்லையற்ற நட்பின் பழைய ஏடு

எல்லையற்றது எனப்படும் இந் நட்பு இன்று புதிதாய்ப் பிறந்ததன்று. 1949 திசம்பரில் மக்கள் சீனத்தின் தலைவர் மா சே துங்கு மாசுகோவுக்குச் சென்றார். சென்றவர் இரண்டு மாதம் அங்கே தங்க வேண்டியதாயிற்று. 1950 பிப்பிரவரி 14ஆம் நாள் இரு நாடுகளும் நட்பு, கூட்டு, இடையுதவி உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. முப்பது ஆண்டுகளுக்குச் செல்லத்தக்கது அவ்வுடன்படிக்கை. இரு நாடுகளுக்கும் கொள்கை ஒன்று, பகை ஒன்று, கொடியின் நிறமும் ஒன்று. இதனினும் உறுதியான உறவு உலகில் ஏது என்றே அனைவரும் எண்ணினர்.

பத்தே ஆண்டு! 1960இல் சோவியத்து அரசு தன் வல்லுநர் அனைவரையும் சீனத்திலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. தொழிற்சாலைகள் பாதிக் கட்டடங்களாய் நின்றன. 1969 மார்ச்சில் உசூரி ஆற்றின் நடுவே உள்ள ஒரு தீவுக்காக இரு நாட்டுப் படைகளும் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தின. உருசியர் தாமன்சுகி என்றும் சீனர் சென்பாவ் என்றும் அழைத்த அத் தீவு, ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்புக்கூட இல்லாதது. உலகப் பாட்டாளிகளை ஒன்றுசேர அழைத்த இரு கட்சிகள், ஒரு மணல்திட்டில் ஒன்றுசேர இயலாமற் போயின. 1979இல், உடன்படிக்கையைப் புதுப்பிக்கச் சீனம் மறுத்துவிட்டது; முப்பதாண்டு நிறைந்த 1980இல் அது முடிவுற்றது.

அந்தப் பிளவில்தான் அமெரிக்கா தன் கையை நுழைத்தது. 1971 சூலையில் அமெரிக்கத் தலைவரின் பாதுகாப்பு அறிவுரைஞர் கிசிங்கர் பாக்கித்தானுக்கு வந்தார். வயிற்றுநோய் என்று வெளியில் சொல்லப்பட்டது. நோயாளி எனப்பட்டவரோ கமுக்கமாக வானூர்தி ஏறிப் பெய்சிங்கில் சூ என் லாயுடன் பேசிக்கொண்டிருந்தார். 1972 பிப்பிரவரியில், பொதுவுடைமை எதிர்ப்பையே படிக்கட்டாக்கி மேலேறிய நிக்சன், மா சே துங்கின் கையைப் பற்றிக் குலுக்கினார்.

அமெரிக்கா முதலாளியத்தைக் கைவிட்டதா? இல்லை. சீனம் பொதுவுடைமைக் கொடியை இறக்கியதா? அதுவும் இல்லை. மாறியது கொள்கையன்று, கணக்கு. உருசியா இருவர்க்கும் பொதுப்பகை என்னும் ஒரே கணக்கு அவ்விருவரையும் ஒரு பந்தியில் அமர்த்தியது. இன்று அமெரிக்கா பொதுப்பகையானவுடன், உருசியாவும் சீனமும் அதே பந்தியில் அமர்ந்துள்ளன. இலைகள் மாறவில்லை, அமர்ந்தோர்தாம் மாறினர்.

எடுத்து வைத்த கற்களும் எறிந்த கற்களும்

நிறைகோல் பிடிக்கும் வணிகன், எடையைச் சரிசெய்யச் சிறு கற்களை ஒரு தட்டில் இடுவான். தேவை தீர்ந்தால் எடுத்துவிடுவான். கல்லின் ஒப்புதலை அவன் கேட்பதில்லை. வல்லரசுகளின் கையில் சிறு தேசிய இனங்கள் பட்டிருப்பதும் இதே பாடுதான்.

கிசிங்கர் பெய்சிங்குக்குச் சென்ற வழி பாக்கித்தான் திறந்துவிட்ட வழி. அவ் வழிக்கு விலை கொடுத்தவர் வங்காளியர். 1971 மார்ச்சு 25ஆம் நாள் இரவு பாக்கித்தான் படை தாக்கா நகரில் கொலைவெறியாட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் ஏதிலியராய் இந்திய எல்லையைக் கடந்தனர். தாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட்டு, தம் அரசு வாய்மூடியிருப்பதைக் கண்டிக்கும் தந்தியை ஏப்பிரல் 6ஆம் நாள் வாசிங்டனுக்கு அனுப்பினார். அலுவலர் இருபதின்மர் அதில் கையொப்பமிட்டிருந்தனர். அத் தந்திக்குக் கிடைத்த மறுமொழி, அவர் அப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டதே. பாக்கித்தான் மனம் நொந்தால் பெய்சிங்கின் கதவு மூடிக்கொள்ளும் என்பது வெள்ளை மாளிகையின் அச்சம். கதவு திறந்திருக்க வேண்டும்; வங்காளியர் செத்தாலும் தாழ்வில்லை!

திபேத்தியரின் நிலையும் அதுவே. சீனத்தை அலைக்கழிக்க வேண்டியிருந்த 1950களின் இறுதியிலும் 1960களிலும், அமெரிக்க உளவுத்துறை திபேத்திய மறவர்களைத் தன் மண்ணுக்கே அழைத்துச் சென்று பயிற்சியளித்தது. நேபாளத்து முசுத்தாங்கு மலைப்பகுதியில் அவர்கள் பாசறை அமைக்கத் துணைநின்றது. சீனம் நண்பனானபின் அம் மறவர்கள் வேண்டாதவராயினர். 1974இல் நேபாளப் படை அவர்களின் படைக்கலங்களைப் பறித்தது. தடுக்க எவரும் வரவில்லை.

குர்து மக்களின் கதை இன்னும் கொடிது. 1972இல் ஈரான் மன்னரின் விருப்பத்திற்கிணங்க, ஈராக்கில் விடுதலைக்குப் போராடிய குர்துகளுக்கு அமெரிக்கா மறைவாகப் பொருளும் படைக்கலமும் அளித்தது. குர்துகள் வெல்ல வேண்டும் என்பதன்று நோக்கம். ஈராக்கு ஓயாமல் குருதி சிந்த வேண்டும் என்பதே நோக்கம். 1975 மார்ச்சு 6ஆம் நாள் அல்சீர்சு நகரில் ஈரானும் ஈராக்கும் ஆற்றெல்லை பற்றி உடன்பாடு கண்டன. உடனே உதவி நின்றது; எல்லையும் மூடப்பட்டது. சில கிழமைகளில் குர்துகளின் போர் சரிந்தது. அவர்தம் தலைவர் முசுத்தபா பர்சானி, தம்மைக் கைவிட்ட அதே அமெரிக்காவில் 1979இல் உயிர்நீத்தார்.

அமெரிக்கா முதலாளிய நாடு, அதனால்தான் இப்படி என்று சொல்லித் தப்ப இயலாது. ஆப்பிரிக்காவில் எரித்திரிய மக்களின் விடுதலையைப் போற்றிய பொதுவுடைமை முகாம், 1977இல் எத்தியோப்பிய அரசு தன் பக்கம் சாய்ந்தவுடன், எரித்திரியரைச் சுடுவதற்கான படைக்கலங்களை அவ்வரசுக்கு வாரி வழங்கிற்று. எத்தியோப்பியா முன்னர் அமெரிக்கத் துமுக்கியால் சுட்டது. பின்னர் உருசியத் துமுக்கியால் சுட்டது. சாவதற்கு அணியமாய் நின்ற மக்கள் மட்டும் மாறவில்லை.

எழுத்திலிட்ட உறுதியேனும் காக்குமா என்றால், உக்கிரேன் விடை சொல்லும். சோவியத்து ஒன்றியம் உடைந்தபோது அதன் மண்ணில் இருந்த அணுப்படைக்கலத் தொகுதி உலகில் மூன்றாவது பெரியது. 1994 திசம்பர் 5ஆம் நாள் புதாபெசுட்டு நகரில், அதனைத் துறக்க ஒப்பிய உக்கிரேனுக்கு, அதன் எல்லைகளை மதிப்போம் என்று அமெரிக்காவும் பிரித்தானியாவும் உருசியாவும் கையெழுத்திட்டு உறுதி கூறின. கையெழுத்திட்ட மூவருள் ஒருவரான உருசியாவே 2014இல் கிரிமியாவைப் பறித்தது. 2022இல் தலைநகர்மீதே படை செலுத்தியது. மற்ற இருவரும் படைக்கலம் கொடுத்தனர், களத்திற்கு வரவில்லை.

வல்லரசுகள் தமக்குள் கொண்ட நட்பேனும் நிலைத்ததா? 2021 செப்டம்பரில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஆத்திரேலியாவும் கூடி ஒரு படைத்துறைக் கூட்டை அறிவித்தன. அதன் பொருட்டு ஆத்திரேலியா, பிரான்சுடன் 2016இல் செய்துகொண்ட நீர்மூழ்கிக் கப்பல் ஏற்பாட்டை உதறிற்று. சினந்த பிரான்சு தன் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. நெடுநாள் தோழனுக்கே இது நேருமானால், எளிய இனத்திற்கு என்ன நேராது?

பன்முனை உலகில் இனங்களுக்கு இடமுண்டா?

பெய்சிங்குக் கூட்டறிக்கையைப் படித்துப் பார்த்தல் நன்று. தைவான் சீனத்தின் பிரிக்கவியலாப் பகுதி என்பதை உருசியா அதில் உறுதி செய்கிறது. நேட்டோ படைக்கூட்டு மேலும் விரிவதைச் சீனம் எதிர்க்கிறது. அரசுகளின் உள்நாட்டுச் செய்திகளில் பிறர் தலையிடலாகாது என்று இருவரும் சேர்ந்து சொல்கின்றனர். உள்நாட்டுச் செய்தி என்பது யாது? செச்சினியர் உருசியாவின் உள்நாட்டுச் செய்தி. திபேத்தியரும் உய்குர் மக்களும் சீனத்தின் உள்நாட்டுச் செய்தி. பன்முனை உலகம் என்பது பல அரசுகளின் உலகமேயன்றிப் பல இனங்களின் உலகமன்று.

தன்னுரிமை என்னும் சொல்லும் அவர்தம் வாயில் படும் பாடு பெரிது. 2008 பிப்பிரவரியில் கொசோவோ விடுதலை அறிவித்தபோது அமெரிக்கா ஏற்றது, உருசியா மறுத்தது. அதே ஆண்டு ஆகத்தில் அப்காசியாவையும் தென் ஒசேத்தியாவையும் தனிநாடுகளாக உருசியா ஏற்றது, அமெரிக்கா மறுத்தது. 2017இல் கத்தலோனியர் வாக்களிப்பு நடத்தியபோது மேலைநாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஓர் இனத்தின் உரிமை அவ்வினத்தின் தகுதியால் அளக்கப்படவில்லை. எவர் தட்டில் அது எடை கூட்டும் என்பதாலேயே அளக்கப்பட்டது.

இதனைத் தமிழர்க்கு எவரும் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை. 2009 மே 27ஆம் நாள், முள்ளிவாய்க்கால் மண்ணில் குருதி காயாதிருந்தபோதே, செனீவாவில் ஐ.நா. மனிதவுரிமை மன்றம் சிறப்புக் கூட்டம் கூடிற்று. இலங்கை அரசுக்கு ஏற்ற தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 12 நாடுகள். ஒதுங்கி நின்றவை 6. ஏற்று வாக்களித்தோர் யார்? சீனம், உருசியா, இந்தியா, பாக்கித்தான், கியூபா! 1962இல் ஒன்றோடொன்று போரிட்ட இந்தியாவும் சீனமும் அன்று ஒருபக்கம். நான்கு முறை போரிட்ட இந்தியாவும் பாக்கித்தானும் அன்று ஒருபக்கம். எதிர்த்து வாக்களித்த மேலைநாடுகளோ, போர் நடந்த நாள்களில் நிறுத்துமாறு சொல்லளவில் கேட்டனவேயன்றி, நிறுத்தும் செயலில் இறங்கவில்லை. பகைவர்கள் பிளவுபட்டால் தமிழர்க்கு வழி பிறக்கும் என்று கணக்கிட்டோர், பகைவர் அனைவரும் ஒரே வரிசையில் கையுயர்த்தியதைக் கண்டனர்.

அதன்பின் வந்தது பங்கீடு. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகையாய்ச் சீன நிறுவனத்தின் கைக்குச் சென்றது. திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகள் பற்றி 2022 சனவரியில் இந்தியாவுடன் உடன்பாடாயிற்று. தமிழரின் தாயகத் துறைமுகமான திருகோணமலையைப் பற்றிப் பேசப்பட்டபோதும், தமிழர்க்கு அப் பேச்சில் நாற்காலி இல்லை.

தமிழ்நாட்டின் உழைப்பாளிக்கும் இந் நிறைகோலின் சுமை தெரியும். உக்கிரேன் போருக்குப்பின் இந்திய அரசு உருசியக் கல்நெய்யைப் பேரளவில் வாங்கவிட்டது. அமெரிக்கா அதற்கு ஒறுப்பாக 2025 ஆகத்து 27 முதல் மேலும் 25 விழுக்காடு வரி விதிக்க, இந்தியப் பொருள்கள்மேல் அமெரிக்க வரி 50 விழுக்காடாயிற்று. கல்நெய்யைத் தூய்மைசெய்து விற்றுப் பெரும் ஊதியம் கண்டவை பெரும் ஆலைகள். வரியடி விழுந்ததோ திருப்பூரில் பின்னலாடை தைப்போர் தலையில். தில்லி எவரோடு கூட்டு வைப்பது என்று முடிவு செய்த அறையில் திருப்பூரைக் கேட்டவர் எவர்?

பிளவு கதவைத் திறக்கும். கால் தன்னதாக வேண்டும்

அவ்வாறாயின், வல்லரசுகளின் பூசலால் எளிய இனங்கட்கு என்றுமே பயனில்லையா? இல்லை என்றால் அது வரலாற்றை மறைப்பதாகும்.

வங்காளதேசம் பிறந்தது. 1971 ஆகத்து 9ஆம் நாள் இந்தியாவும் சோவியத்து ஒன்றியமும் நட்புடன்படிக்கை செய்துகொண்டதும், அதனால் சீனமும் அமெரிக்காவும் நேரே களத்தில் இறங்கத் தயங்கியதும் அதற்குத் துணைசெய்தன. திசம்பரில் அமெரிக்கா தன் வானூர்தித் தாங்கிக் கப்பலை வங்கக்கடலுக்கு அனுப்பியும், 16ஆம் நாள் பாக்கித்தான் படை பணிந்தது. ஆயின், அவ் வுடன்படிக்கைக்கு முன்பே வங்காளியர் செய்திருந்தவை யாவை? 1952இல் தாய்மொழிக்காகத் தாக்காத் தெருவில் உயிர் கொடுத்திருந்தனர். 1970 திசம்பர்த் தேர்தலில், இரண்டு இடங்கள் நீங்கலாகக் கிழக்கு வங்கத்தின் இடங்கள் அனைத்தையும் தங்கள் உரிமையைக் கேட்ட ஒரே கட்சிக்கு அளித்திருந்தனர். தங்கள் விடுதலைப் படையைத் தாங்களே திரட்டியிருந்தனர். கதவை உலகப் பூசல் திறந்தது. உள்ளே நடந்தது அவர்தம் கால்.

எரித்திரியரை இரு வல்லரசு முகாம்களும் மாறி மாறி நசுக்கின. அவர்கள் மலைக்குகைகளில் மருத்துவமனையும் பள்ளியும் பட்டறையும் அமைத்தனர். பகைவனிடம் பறித்த படைக்கலங்களைச் செப்பனிட்டுப் போரிட்டனர். 1961இல் தொடங்கிய போர் 1991இல் வெற்றியில் முடிந்தது. 1993 பொதுவாக்கெடுப்பில் விடுதலை உறுதியாயிற்று. அதன்பின் அந் நாட்டின் ஆட்சி குடிமக்களுக்கு என்ன செய்தது என்பது வேறு துயரம். விடுதலையை எவர் கையாலும் வாங்கவில்லை என்பது மறுக்கவியலாத செய்தி.

கிழக்குத் தைமூர் மூன்றாவது சான்று. 1975 திசம்பர் 6ஆம் நாள் அமெரிக்கத் தலைவர் போர்டும் கிசிங்கரும் சகார்த்தாவில் இந்தோனேசியத் தலைவரைக் கண்டு பேசிச் சென்றனர். மறுநாளே இந்தோனேசியப் படை அச் சிறு நாட்டில் இறங்கியது. பனிப்போரில் இந்தோனேசியா அமெரிக்காவுக்கு வேண்டிய எடைக்கல். இருபத்துநான்கு ஆண்டுகள் அம் மக்கள் கொல்லப்பட்டனர், பட்டினி கிடந்தனர், ஆனால் தாங்கள் தனி மக்கள் என்பதை ஒருநாளும் மறக்கவில்லை. பனிப்போர் முடிந்து நிறைகோல் மாறியபோது, 1999 ஆகத்து 30ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேருக்கு மேல் விடுதலையைத் தெரிந்தெடுத்தனர். 2002இல் கொடி ஏறியது. நிறைகோல் மாறும்வரை அம் மக்கள் மக்களாகவே இருந்தனர். அதனால்தான் மாறிய நாளில் பயன்பெற்றனர்.

இம் மூன்றும் உணர்த்தும் உண்மை ஒன்றே. வல்லரசுகளின் கூட்டும் பிளவும் மழைபோல் வரும், போகும். ஏரி வெட்டி வைத்திருப்பவன் நீரைத் தேக்கிக்கொள்வான்; வெட்டாதவன் வானத்தைப் பார்த்து ஏங்குவான், அன்றேல் வெள்ளத்தில் அழிவான். செயலில் இறங்குமுன் நான்கு வலிமைகளைத் தூக்கிப் பார்க்கச் சொன்ன திருவள்ளுவர், துணைவரின் வலிமையை அந் நான்கனுள் இறுதியில்தான் வைத்தார். அவ் வரிசையைத் தலைகீழாக்கித் துணைவரை முதலில் எண்ணிய இனங்களின் புதைகுழிகள் உலகெங்கும் உள.

எனவே, மாசுகோ வாழ்க என்று முழங்குவதாலும் வாசிங்டன் வாழ்க என்று முழங்குவதாலும் எந்த ஒடுக்கப்பட்ட இனமும் ஒரு முழம்கூட முன்னேறாது. பெய்சிங்கைத் தில்லிக்கு எதிரி என்பதற்காக நண்பனெனக் கொள்வதும், தில்லியைப் பெய்சிங்குக்கு எதிரி என்பதற்காகக் காவலன் எனக் கொள்வதும் ஒரே மயக்கத்தின் இரு பெயர்கள். உலக அரசியலைத் தமிழர் தம் கண்ணால் படிக்க வேண்டும்; தம் மொழியில் எழுத வேண்டும்; எந்த அரசு எந்த அவையில் எப்பக்கம் கையுயர்த்தியது என்பதை நாள், ஆண்டு, எண்ணிக்கையோடு குறித்து வைத்துத் தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். அரசற்ற ஓர் இனத்திற்கு வெளியுறவுத் துறை இல்லை. அதன் நினைவாற்றலே அதன் வெளியுறவுத் துறை.

உலகின் நிறைகோல் இன்னும் பலமுறை சாயும். இன்று கைகோத்தவர் நாளை கைகலப்பர். அதன் மறுநாள் மீண்டும் தழுவிக்கொள்வர். அவர்தம் தட்டுகளில் எடைக்கல்லாய்க் கிடப்பதா, தனக்கென ஒரு நிறை கொண்டு நிற்பதா என்பதை அவர்கள் முடிவு செய்யப்போவதில்லை. அதனை முடிவு செய்ய வேண்டியது அவ்வவ் வினமே!